நண்டு ஓடு அளவில் ஒரு கணினி

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டுக் குப்பங்களில் படகுகள் கரையேறிக் கிடக்கும். இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை கடலுக்குப் போகக்கூடாது என்று முன்கூட்டியே தகவல் வந்துவிடும். 1979 ஆகஸ்ட் 10ல் எஸ்எல்வி-3 முதன்முதலாகக் கிளம்பிக் கடலில் விழுந்தது அங்கிருந்துதான். 2023 ஜூலை 14ல் சந்திரயான்-3 நிலவுக்குப் புறப்பட்டதும் அங்கிருந்துதான். ஏவுவதற்கு முன் பலூன் பறக்கவிட்டு, உயரத்துக்கு உயரம் காற்று எப்படி வீசுகிறது என்று அளந்து பார்ப்பார்கள். பழவேற்காடு ஏரியின் இந்தப் பக்கத்திலும் அளவு உண்டு. முகத்துவாரத்தில் நேற்றைவிட இன்று எத்தனை விரற்கடை மணல் ஏறியிருக்கிறது என்பது கழி ஊன்றிப் படகு தள்ளுகிறவரின் உள்ளங்கைக்குத் தெரியும். ஆனால் அது எந்தத் தாளிலும் ஏறாது.

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தெற்கு வால் மட்டும் திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்தில். ஆரணியாறும் காலங்கியும் சொர்ணமுகியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து போகும். இறால் குஞ்சு வருவதும் அந்த வாசல் வழியாகத்தான். மணல் சேர்ந்து வாசல் அடைபட்டால் ஏரியின் கணக்கு குலையும். மழைக்காலத்தில் உப்பே இல்லாமல் போகும் தண்ணீர், கோடையில் கடலைவிடக் கரிக்கும். சென்னைக் கிறித்தவக் கல்லூரி விலங்கியல் பேராசிரியர் பி.ஜே. சஞ்சீவ ராஜ் போன்றோர் இந்த ஏரியின் உயிர்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆய்வு முடிந்தால் ஆய்வாளர் ஊர் திரும்பிவிடுவார். குப்பத்துக்காரர் அங்கேயேதான் இருக்கிறார்.

இந்தக் கட்டுரை ஏரியைக் காப்பாற்றுவது பற்றியது அல்ல. அவ்வளவு பெரிய பேச்சுக்கு இதில் இடமில்லை. என் மேசைமேல் ஒரு பச்சைப் பலகை கிடக்கிறது. நீளம் 85 மில்லிமீட்டர், அகலம் 56. பழவேற்காட்டில் நல்ல விலைக்குப் போகும் கழி நண்டின் ஓடு இதைவிடப் பெரியது. இது ஒரு முழுக் கணினி. இதை முதன்முதலாக எழுப்பி நடக்கவைப்பது எப்படி, பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பத்தில் ஒரு வீட்டில் வைத்தால் என்னென்ன முரண்டு பிடிக்கும் என்பதுதான் பேச்சு.

பலகையின் பெயர் ராஸ்பெரி பை. 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு கணினியின் உள்ளே கைவைத்த பழக்கமே இல்லாமல் போனதைப் பார்த்து, எபன் அப்டனும் கூட்டாளிகளும் செய்தது. சில ஆயிரம் விற்றால் போதும் என்று தொடங்கி, இன்று 6 கோடியைத் தாண்டிவிட்டது. இதற்கு நம் ஊரில் ஒரு தாத்தா உண்டு. 1984ல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தில் பள்ளிகளுக்குக் கொடுத்த பிபிசி மைக்ரோ கணினிதான் அது. அதைச் செய்த ஏகார்ன் நிறுவனத்தில் பிறந்த ‘ஆர்ம்’ சிப் வடிவமைப்பின் வாரிசுதான் இந்தப் பலகையின் மூளை. உங்கள் கைப்பேசியின் மூளையும் அதே வம்சம். அந்த 1984 கணினிகளில் பல, மாணவர் கை படாமல் பூட்டிய அறையில் உறை போர்த்திக் கிடந்தே மூப்படைந்தன என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரிந்த கதை.

பெட்டியைப் பிரித்த அன்று அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “இதுல டிவி எங்கடா?” என்றார். நியாயமான கேள்வி. திரை இல்லை, விசைப்பலகை இல்லை, ஹார்டு டிஸ்க் இல்லை. 2023ல் வந்த ஐந்தாம் தலைமுறைப் பலகைக்கு முன்புவரை, அணைக்கிற பொத்தான்கூட இல்லை. எல்லாவற்றையும் நாமே வெளியிலிருந்து கொண்டுவந்து செருக வேண்டும்.

திரைக்கு ஹெச்டிஎம்ஐ துளையுள்ள புதிய டிவி இருந்தால் கவலையில்லை. இல்லாத வீட்டுக்கு ஒரு வழி சொல்கிறேன். 2006 முதல் கலைஞர் ஆட்சியில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி இலவசமாக வந்ததே, நினைவிருக்கிறதா? அந்தக் குண்டு டிவியில் ஒன்று இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால், டிவிடி பிளேயர் மாட்டும் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த மஞ்சள் துளை போதும். 2012ல் வந்த முதல் ராஸ்பெரி பையில் மஞ்சள் துளையே தனியாக இருந்தது. பிறகு வந்த பெரிய பலகைகளில் அது இயர்போன் மாட்டும் துளைக்குள் ஒளிந்துகொண்டது. நான்காம் தலைமுறையில் அமைப்புக் கோப்பில் சொல்லி விழிக்கவைக்க வேண்டும். ஐந்தாம் தலைமுறையில் துளை போய் வெறும் ஈயம் வைக்கும் புள்ளிகள்தான் மிச்சம். ஆகவே இந்த வேலைக்கு மூன்றாம் தலைமுறைப் பழைய பலகை கிடைத்தால் யோகம். சென்னை ரிச்சி தெருவில் தேடலாம்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. இயர்போன் துளைக்குப் போகும் கேபிளின் முனையில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும். எந்த வளையத்தில் படம், எதில் தரை என்பதைக் கேபிள் செய்கிறவர்கள் அவரவர் விருப்பத்துக்கு வைத்திருக்கிறார்கள். படம் வராமல் உறுமல் சத்தம் மட்டும் வந்தால், மஞ்சள் ஊசியைச் சிவப்பிலோ வெள்ளையிலோ மாற்றிச் செருகிப் பாருங்கள், அல்லது கேபிளை மாற்றுங்கள். அடுத்தது, நம் நாட்டு டிவியின் முறை ‘பால்’ (PAL). பலகை அமெரிக்க முறையில் படம் அனுப்பிக்கொண்டிருந்தால் நிறம் போய், படம் நிற்காமல் ஓடும். அமைப்பில் ஒரு வரி மாற்றினால் சரியாகிவிடும். அப்போதும் எழுத்து கொஞ்சம் கலங்கித்தான் தெரியும். அளவைப் பெரிதாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மானாட மயிலாட பார்த்த பெட்டியில் கணினி எழுந்து நிற்பதைக் காணும் சுகத்துக்கு இந்தக் கலங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அடுத்து மெமரி கார்டு. கைப்பேசியில் போடும் அதே சின்ன கார்டுதான். ஆனால் இங்கே அது வெறும் கிடங்கு இல்லை. இயங்குதளமே அதில்தான் குடியிருக்கும். இன்னொரு கணினியில் ராஸ்பெரி பை இமேஜர் என்ற இலவச மென்பொருளை ஏற்றி, கார்டைச் செருகி, இயங்குதளத்தை அதில் எழுதச் சொல்ல வேண்டும். கோப்பாக இழுத்துப் போட்டால் வேலைக்கு ஆகாது. பழைய ஆள் சொல்வதை நம்பி ‘பை’ என்ற பெயரும் ‘ராஸ்பெரி’ என்ற கடவுச்சொல்லும் போட்டுத் திணறாதீர்கள். ஊரறிந்த அந்தச் சாவியை 2022 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். பெயர், கடவுச்சொல், வைஃபை எல்லாவற்றையும் கார்டு எழுதும்போதே கேட்கும்.

அதே இடத்தில் நேர மண்டலத்தையும் கேட்கும். பலரும் பார்க்காமல் தாண்டிப் போகும் இடம் இது. கணினி லண்டன் நேரத்திலேயே நின்றுவிட்டால் குளிர்காலத்தில் நமக்கு அது ஐந்தரை மணி நேரம் பின்தங்கும். கடலூரில் கடை வைத்திருப்பவருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. கடலோரக் குப்பத்துக்கு அப்படியில்லை. நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஐந்தரை மணி நேரம் பிசகிய கடிகாரத்தோடு நீர்மட்டம் குறித்தால், ஏற்றம் நடந்த வேளையை வற்ற வேளைக்குப் பக்கத்தில் எழுதிவைப்பீர்கள். கணக்கு தலைகீழ். ‘கொல்கத்தா’ என்று தேர்ந்தெடுங்கள். சென்னை என்று அந்தப் பட்டியலில் இருக்காது.

இனி மின்சாரம். பலகையை எழுப்பிய முதல் வாரம் நான் பட்ட பாடு முழுக்க இதனால்தான். வீட்டில் கிடந்த பழைய கைப்பேசி சார்ஜரை மாட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது, வானவில் நிறத்தில் ஒரு சதுரம் தோன்றியது, எழுத்துகள் ஓடின. பிறகு திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி. வைரஸ் என்று நினைத்தேன். கார்டை நான்கு முறை அழித்து எழுதினேன். மின்னல் குறிக்குப் பொருள், 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 4.63க்கும் கீழே இறங்கிவிட்டது என்பது. மெலிந்த கேபிளும் வலுவில்லாத சார்ஜரும் சேர்ந்து பலகையைப் பட்டினி போட்டிருக்கின்றன. நான்காம் தலைமுறைக்கு 3 ஆம்பியர், ஐந்தாவதற்கு 5 ஆம்பியர் தரும் சார்ஜர் வேண்டும். பலகைக்குச் செலவு செய்துவிட்டு சார்ஜரில் மிச்சம் பிடிக்கிற புத்தி எனக்கு மட்டும் உள்ளதல்ல என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது பாடம் கரண்ட் கட் நடத்தியது. கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், பாதி எழுதிய பக்கத்தோடு கார்டு குழம்பிவிடும். மறுநாள் பச்சை விளக்கு சிமிட்டாது. கார்டிலிருந்து கணினி படிக்கிறது என்பதற்கு அடையாளம் அந்தச் சிமிட்டல்தான். கடையில் நம்பி வாங்கிய அந்த கார்டு போலி என்பதும், மேலே அச்சடித்த கொள்ளளவில் பாதிகூட உள்ளே இல்லை என்பதும் தனிக்கதை.

புயல் வந்தால் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடக்கும் கரை பழவேற்காடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னைக்கே அந்தக் கதி. அதனால் குப்பத்தில் பலகையைச் சுவர் மின்சாரத்தில் நேராக மாட்டுவது வீண். படகு விளக்குக்கு வைக்கும் 12 வோல்ட் பேட்டரியும் அதை 5 வோல்ட்டாக இறக்கும் சிறு கருவியும் இருந்தால் இது தாக்குப்பிடிக்கும். சிறியதிலும் சிறியதான ஸீரோ வகைப் பலகை, சும்மா இருக்கும்போது ஒரு வாட்கூடத் தின்னாது. கார்டில் எதையும் எழுதவிடாமல் பூட்டிவைக்கும் வசதியும் இயங்குதளத்தில் உண்டு. அளவுகளை மட்டும் தனியாக ஒரு பென்டிரைவில் எழுதிக்கொள்ளலாம்.

உப்புக்காற்று அடுத்த எதிரி. இரும்பு ஆணியையே ஒரு பருவத்தில் தின்றுவிடும் காற்றுக்கு இந்தச் செம்புக் கம்பிகள் எம்மாத்திரம்? மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வேண்டாம். வைஃபை வெளியே வராது. நகப்பூச்சைச் சாலிடர் புள்ளிகள்மேல் தடவிக் காப்பவர்கள் உண்டு. செருகு துளைகளில் மட்டும் பட்டுவிடக் கூடாது.

தமிழ் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒருமுறை இணையத்தில் இணைத்து எழுத்துருவையும், 1999ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் பிறந்த தமிழ்99 விசைப்பலகையையும் இறக்கிக்கொண்டால் தீர்ந்தது. லினக்ஸ் நமக்குப் புதிதும் அல்ல. 2011க்குப் பின் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த இலவச லேப்டாப்பில், சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பெரும்பாலோர் அதைத் தொட்டுப் பார்க்காமலே விண்டோஸுக்குப் போனார்கள். வீட்டில் அந்த லேப்டாப் இன்னும் ஓடினால், கார்டு எழுத அதுவே போதும்.

இத்தனையும் செய்து முடித்தால் கிடைப்பது ஒரு சுமாரான, மெதுவான கணினி. “இதெல்லாம் என் போனிலேயே இருக்கிறதே” என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலியில் காற்று, அலை, மீன் கூடும் இடம் எல்லாம் வருகிறது. தகவல் தருவது ஹைதராபாதின் இன்காய்ஸ் நிறுவனம். கரையைவிட்டு வெகுதூரம் போனால் கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்காது என்பதற்காக, செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை வாங்கும் ஜெமினி என்ற கையடக்கக் கருவியும் 2019ல் வந்தது. தகவல் வாங்குவதற்குக் கைப்பேசியை மிஞ்ச எதுவும் இல்லை.

ஆனால் கைப்பேசியிலிருந்து ஒரு ஒயரை இழுத்துத் தண்ணீரில் போட்டு, “இரவெல்லாம் பார்த்துக்கொண்டே இரு” என்று சொல்ல முடியாது. பலகையின் விளிம்பில் வரிசையாக 40 ஊசிகள் நிற்கின்றன. இந்தக் கணினியின் உயிரே அங்கேதான். முதல் நாள் ஏரிக்கெல்லாம் போகாதீர்கள். ஒரு சின்ன எல்இடி விளக்கு, 330 ஓம் மின்தடை ஒன்று, இரண்டு ஒயர். பைத்தான் மொழியில் நான்கைந்து வரி. விளக்கு எரிந்து அணையும். பத்து ரூபாய்ப் பொம்மையும் அதைச் செய்யும்தான். ஆனாலும் நாம் எழுதிய சொல்லுக்கு ஒரு விளக்கு கட்டுப்படுகிறபோது வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோர் முகமும் ஒரே மாதிரி ஆகிறது. ஒரு எச்சரிக்கை: இந்த ஊசிகள் தாங்குவது 3.3 வோல்ட். பக்கத்து ஊசியில் நிற்கும் 5 வோல்ட் தவறிப்போய் வேறு ஊசிக்குள் பாய்ந்தால் பலகை சத்தமில்லாமல் செத்துப்போகும்.

இரண்டாம் நாளுக்கு ஒரு வெப்பமானி. எஃகுக் குப்பிக்குள் அடைத்து, ஒயரோடு தண்ணீரில் போடும்படியே விற்கிறார்கள். மூன்று ஒயர், 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்று, அவ்வளவுதான். திரையில் 28437 என்று வரும். ஆயிரத்தால் வகுத்தால் 28.437 பாகை. மூன்று தசமத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தக் கருவி அரைப் பாகை முன்னே பின்னே சொல்லக்கூடியது என்று செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். 28லிருந்து 29க்குள் ஏதோ ஒன்று என்று படிப்பதே நாணயம்.

உப்பை அளக்கத்தான் ஆசை வரும். அங்கே அவசரம் கூடாது. மலிவு விலை உப்புமானியை ஏரித் தண்ணீரில் விட்டுவைத்தால் சில நாளில் பாசியும் சிப்பியும் ஏறி, அது பாசியைத்தான் அளந்துகொண்டிருக்கும். இறால் பண்ணைக்காரர்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கண்ணில் வைத்துப் பார்க்கும் ஒளிவிலகல்மானி இதைவிட நம்பகமானது. காலையில் ஒருமுறை பார்த்து, ஆயிரத்துக்கு இத்தனை என்று கையால் தட்டி ஏற்றலாம். கடல் 35ஐ ஒட்டி நிற்கும். கழி ஊன்றிப் பார்த்த ஆழத்தையும் அப்படியே ஏற்றலாம். எல்லாவற்றையும் கருவிதான் அளக்க வேண்டும் என்று யார் சொன்னது?

எளியவர் கையில் இந்த மாதிரிப் பலகை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹைத்தி நாடு சாட்சி. 2010 பூகம்பத்தில் நொறுங்கிய அந்த நாட்டில், ராஸ்பெரி பைமேல் பொருத்திய சிறு நிலநடுக்கமானிகளைச் சாதாரண மக்களின் வீடுகளில் வைத்தார்கள். 2021 ஆகஸ்ட் 14ல் மறுபடி நிலம் பிளந்தபோது, அரசின் வலையமைப்பு சரிவர இயங்காத வேளையில், அந்த வீட்டுக் கருவிகள் பதிந்த அதிர்வுகளை வைத்துத்தான் பிந்தைய நடுக்கங்களைத் தொடர்ந்தார்கள். மறு ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் ஆய்வுக்கட்டுரையாகவும் வந்தது.

நம் பக்கத்திலும் பழைய கதை உண்டு. புதுச்சேரி வீராம்பட்டினத்தில் சுவாமிநாதன் நிறுவனத்தின் கிராம அறிவு மையம், இணையத்தில் வரும் அலை உயரக் கணிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு வாசித்தது. அதே போன்ற மையம் நல்லவாட்டிலும் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போனில் சுனாமி பற்றி எச்சரித்தார். ஊரார் அந்த மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து ஜனங்களைக் கரையைவிட்டு ஓடவைத்தார்கள். சென்னை ஊரூர் குப்பத்து மீனவர் பாளையம் எந்தக் கருவியும் இல்லாமலே, காற்று, நீரோட்டம், அலை என்று அன்றாடம் தான் கண்டதைக் குறித்துவைத்தவர். பலகை வாங்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி ஒரு மாதம் எழுதிப் பார்ப்பவருக்கே பலகை பயன்படும் என்பது என் எண்ணம்.

கணினி வந்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட வேண்டியதும் இல்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் பாடு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் எவர் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. பத்து வரி பைத்தான் அந்தச் சீட்டைக் கண்ணிமைப்பதற்குள் குலுக்கிவிடும். யாரும் அதை ஏற்கக் கூடாது என்றுதான் நான் சொல்வேன். ஊர் கூடி நிற்க, எல்லோர் கண்ணெதிரே எடுக்கிற சீட்டில் சந்தேகம் வந்தால் கையைப் பிடித்துக் கேட்கலாம். டப்பாவுக்குள் குலுங்கிய சீட்டை எவர் கேட்பது?

பலகை செய்ய வேண்டிய வேலை வேறு. படகுத்துறைக் கம்பத்தில் மேலேயிருந்து நீரைப் பார்த்தபடி ஒரு ஒலி உணரி. வௌவால் மாதிரி ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று சொல்லும். மலிவு வகை 5 வோல்ட்டில் பதில் தரும். நடுவில் இரண்டு மின்தடை வைத்து அதைக் குறைத்தே பலகைக்குள் விட வேண்டும். கால் மணிக்கு ஒரு அளவு. இணையம் இல்லாத இடத்தில் கடிகாரம் ஏமாற்றும் என்பதை மறக்கக் கூடாது. ஐந்தாம் தலைமுறைக்கு முந்தைய பலகைகளுக்குச் சொந்தக் கடிகாரமே கிடையாது. கரண்ட் போய் மூன்று மணி நேரம் கழித்து வந்தால், தூங்கின நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். பொத்தான் பேட்டரி போட்ட ஒரு சின்ன கடிகாரத் துண்டைக் கூடவே மாட்டிவிடுங்கள்.

வாசல் திறந்திருந்தால், முகத்துவாரத்தை ஒட்டிய நீர்மட்டம் ஒரு நாளில் இருமுறை ஏறும், இருமுறை இறங்கும். அளவுகளைக் கோடாக வரைந்தால் நாளுக்கு இரண்டு மேடு தெரியும். மணல் ஏற ஏற அந்த மேடுகள் தாழும். முழுக்க அடைபட்டால் கோடு படுத்துவிடும். இது எந்தப் படகுக்காரருக்கும் தெரியாத சங்கதி அல்ல. கணினிக்கு முன்பே அவர் கால் அதைச் சொல்லிவிடும். ஆனால் தூர்வாரக் கேட்டு மனுவோடு அலுவலகத்தில் நிற்கும்போது, “எப்போதிலிருந்து அடைபட்டிருக்கிறது?” என்று மேசைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கேள்வி வரும். அப்போது நீட்டுவதற்கு, தேதியும் மணியும் போட்ட ஒரு தாள் கையில் இருக்கும்.